சரக்குப் பட்டை

காலை வேளையில் திண்டுக்கல் நலச்சாவடியைப் பார்த்தால் ஊரே மல்லாந்து கிடக்கிறதோ என்று தோன்றும். வரிசையில் நிற்பதெல்லாம் சாய்மிதிகள். ரீகம்பெண்ட் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சாய்வு நாற்காலியில் கிடப்பது போல முதுகைச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற வண்டி. பெட்ரோலும் தீர்ந்து பேட்டரியும் வாய்க்காமல் போன பிறகு நெடுஞ்சாலையில் இதற்கு மட்டும்தான் அனுமதி. சாவடியில் நின்றதும் இருக்கைக்குள் இருக்கும் வலியுணரி முதுகைத் தடவிப் பார்க்கும். பச்சை எரிந்தால் தடுப்புக் கம்பி மேலே எழும்பும். பச்சை கிடைத்தவர்கள் பொட்டலத்து இட்லியைத் தின்றுகொண்டே கிளம்பிப் போனார்கள்.

அமலிக்கு மறுபடியும் சிவப்பு எரிந்தது.

"அன்புள்ள பயணியே, உங்களுக்கு வலிக்கிறது," என்றது இருக்கை, தேன் தடவிய குரலில். "வீட்டுக்குத் திரும்பி ஓய்வெடுங்கள்."

"எனக்கு வலிக்கலை. என் முதுகைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"உங்கள் நலனே எங்கள் நலன்," என்றது இருக்கை.

இதைக் கேட்டால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? அமலியின் முதுகெலும்பு சின்ன வயதிலிருந்தே ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அந்த வளைவுக்குத் தகுந்த மாதிரி தேங்காய் நாரையும் பழைய பருத்திச் சேலையையும் வைத்து அவளே ஒரு மெத்தை தைத்திருந்தாள். இடது பக்கம் தூக்கல், வலது பக்கம் பள்ளம். அதில் சாய்ந்தால் பழனி வரைக்கும் பாட்டுப் பாடிக்கொண்டு போவாள். அதெல்லாம் இந்தச் சட்டம் வருவதற்கு முன்பு.

முதுகுவலியில் மயங்கிய யாரோ ஒருவன் பத்து வண்டிகளைச் சாய்த்துவிட்டானாம். உடனே வலியில்லாப் பயணச் சட்டம் வந்துவிட்டது. வலியோடு யாரும் சாலையில் ஏறக் கூடாது. நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் வலியை அளக்க உட்கார்ந்த மேதாவிகள் நேரான முதுகுகளை மட்டும் அளந்தார்கள். உடம்பின் பாரம் இரண்டு பக்கமும் சமமாக இறங்கினால் சுகம், இல்லாவிட்டால் வலி என்று முடிவு கட்டினார்கள். ஒரு கோணல் முதுகைக் கூப்பிட்டு, "வலிக்குதா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்க அவர்களுக்கு வாய் வரவில்லை.

சாவடி அலுவலன் திலீபன் ஓடி வந்தான். சின்னப் பையன், மரியாதை தெரிந்தவன்.

"அக்கா, அந்த மெத்தையை எடுத்துட்டு வெறும் இருக்கையில சாஞ்சு பாருங்க. ஒருவேளை பச்சை வரும்."

மெத்தையை எடுத்தாள். நேரான பலகையில் முதுகு பட்டதும் இடுப்பில் சுரீர் என்றது. விளக்கு சிவப்பாகவே எரிந்தது.

"இப்பதான்டா வலிக்குது!" என்று கத்தினாள். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

அவள் போயே ஆக வேண்டும். விடுமுறைக்கென்று மகள் ஜெனிட்டாவைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போன முன்னாள் கணவன் பெலிக்ஸ் திருப்பி அனுப்பவில்லை. மணவிலக்கு ஆன நாளிலிருந்து பிள்ளை அமலியிடம்தான் வளர்ந்தாள். இப்போது தனக்கே வேண்டும் என்று அவன் வழக்குப் போட்டிருக்கிறான். நாளை மறுநாள் விசாரணை. தாய் நேரில் வராவிட்டால் பிள்ளை தகப்பனுக்கு. திரையில் முகம் காட்டினால் செல்லாது, யார் முகத்தை வேண்டுமானாலும் யார்மேலும் ஒட்டுகிற காலம் இது.

திலீபன் தலையைச் சொறிந்தான். பின்னால் நின்ற அவள் தம்பி சேவியரின் மூன்றுசக்கரச் சாய்மிதியைப் பார்த்தான். அதன் பின்பக்கம் நீளமான சரக்குத் தட்டு இருந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. சரக்குக்கு வலியுணரி கிடையாது."

"என்ன சொல்ற?"

"தட்டுல படுத்துக்குங்க. கையில சரக்குப் பட்டை கட்டிடுறேன். உடையவர்னு உங்க தம்பி பட்டையில பெருவிரல் வெச்சா போதும். கைமாத்தணும்னா வாங்குறவங்க விரல் வெச்சுக்கலாம், சின்னப் பிள்ளைகூட வெக்கலாம். ஒண்ணே ஒண்ணுதான், உடையவர்கிட்டயிருந்து சரக்கை யாரும் பிரிக்கக் கூடாது. திருட்டுக்குப் பயந்து போட்ட சட்டம், ரொம்பக் கறாரு."

அவனை அறைந்துவிடலாமா என்றுகூட அமலிக்கு இருந்தது. ஆனால் அந்தப் பையன் முகத்தில் கேலி இல்லை. உதவி செய்கிறோம் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"போயிருவோம்க்கா," என்றான் சேவியர் மெதுவாக. "அங்க போய்ப் பாத்துக்கலாம்."

மணிக்கட்டை நீட்டினாள். பட்டை கட்டி, சேவியர் பெருவிரல் வைத்ததும் பச்சை எரிந்தது.

சாய்மிதியில் நெடுந்தூரம் போகிறவர்களுக்குத் தெரியும். கனமான சாமானை இருக்கைக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். போர்வை, துணிமணி மாதிரி லேசானதைத்தான் பின்னால் வைக்க வேண்டும். இப்போது பாரமே பின்னால் படுத்திருந்தது. ஒட்டன்சத்திரம் மேட்டில் வண்டியின் முன்பக்கம் தூக்கியது. சேவியர் நிறுத்தி, தண்ணீர்க் குடங்களையும் அரிசிப் பையையும் தன் காலுக்குப் பக்கத்தில் மாற்றிக் கட்டினான்.

"நீ கொஞ்சம் கீழ நகருக்கா. பாரம் சரியா உக்காரலை."

"பாரமா நானு?"

அவன் கயிற்றை இழுத்துக் கட்டினான். பாவம், அவன் மேல் என்ன தப்பு? பழனி மலை தெரிகிறது என்றான். மல்லாந்து கிடந்தவளுக்கு வானமும் புளியங்கிளைகளும்தான் தெரிந்தன. ஆனால் தன் மெத்தைமேல் கிடந்ததால் வழி முழுக்க அவளுக்கு ஒரு வலியும் இல்லை. அதை எந்த இருக்கையும் பதிவு செய்யவில்லை.

நீதிமன்றத்தில் ஜெனிட்டா அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் எழுந்து ஓடி வரப் பார்த்தாள். பெலிக்ஸ் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

நீதிபதி அம்மாள் திரையைப் பார்த்தார், அமலியைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"சாலைப் பதிவுதான் வருகைப் பதிவு. அமலிங்கிற பயணி இந்த ஊருக்குள்ள வரவே இல்லையே."

"இதோ உங்க முன்னாடி நிக்கிறேனே, அம்மா!"

"தெரியுதும்மா. ஆனா சேவியர்ங்கிறவரும் அவரோட சரக்கும்தான் வந்ததா பதிவு இருக்கு. பதிவை மீறினா நாளைக்கு ஆளாளுக்குப் போலி உருவத்தை அனுப்பி வெப்பாங்க." அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. எல்லோரும்தான் வருத்தப்படுகிறார்கள், வருத்தப்பட்டுக்கொண்டே கதவைச் சாத்துகிறார்கள். "தாய் ஆஜராகலை. குழந்தை தகப்பன்கூடப் போகலாம். மேல்முறையீடு உண்டு. அதுக்குப் பயணியா வாங்க."

பெலிக்ஸ் எழுந்தான். ஜெனிட்டா, "அம்மா வந்திருக்காங்க! இந்தா நிக்கிறாங்க!" என்று கத்தினாள். யாரும் அதையும் பதிவு செய்யவில்லை.

வாசல் காவலர் பட்டை வாசிக்கும் கருவியோடு வந்தார். அது அமலியின் கையருகே கீச்சிட்டது. "ஏனுங்க, இந்தச் சரக்கு யாருதுங்க? கேக்க ஆளில்லாம இங்க விட்டுட்டுப் போகக் கூடாதுங்க."

சேவியர் கையைத் தூக்கினான்.

"கையை இறக்குடா," என்றாள் அமலி.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. சரக்கு என்றுதானே சொன்னார்கள்? சரி, சரக்காகவே இருந்துவிட்டுப் போகிறேன். நேரே மகளிடம் போய் மணிக்கட்டை நீட்டினாள்.

"பாப்பா, இதுல பெருவிரலை வை."

ஜெனிட்டா வைத்தாள்.

"உடையவர் மாற்றப்பட்டார். ஜெனிட்டா, உங்கள் சரக்கு பத்திரம்," என்றது பட்டை, அதே தேன் குரலில்.

பெலிக்ஸ் பாய்ந்து வந்து அமலியின் தோளைப் பிடித்துத் தள்ளினான். பட்டை ஊரைக் கூட்டுவது போல அலறியது. "உடையவரிடமிருந்து சரக்கைப் பிரிப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்!" அவன் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான்.

நீதிபதி சட்டத்தைத் திரையில் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"சட்டம் தெளிவா இருக்கு," என்றார் கடைசியில். "குழந்தை எங்க இருக்கோ, அங்கதான் அதோட சரக்கும் இருக்கணும்."

"என் வீட்டுக்குள்ளயா?" என்று கத்தினான் பெலிக்ஸ்.

"குழந்தை அங்க இருந்தா அங்க. திண்டுக்கல்லுக்கே அனுப்பி வெச்சாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை."

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். சிலர் சிரித்தார்கள். அமலி சிரிக்கவில்லை. பெற்றவள் என்று வந்து நின்றபோது இடமில்லை. மூட்டை என்றதும் சட்டமே காவல் நிற்கிறது. இதில் கை தட்ட என்ன இருக்கிறது? மகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, வளைந்த பக்கத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நீதிபதிக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களேம்மா. உக்காருங்க, முதுகு வலிக்கப் போகுது."

அமலி அந்த நேர் முதுகு நாற்காலியைப் பார்த்தாள்.

"சரக்குக்கு வலிக்காதுங்க," என்றாள்.