வெறும் வயிறு

குழந்தையின் உதடுகள் ஈரமாக இருந்தன.

ரைஹானத் அதைக் கவனித்தது தற்செயலாகத்தான். தியேட்டருக்கு வெளியே நோயாளிகளை ஆபரேஷனுக்குத் தயார் செய்யும் அந்த நீள அறையில், முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடப்பவர்களின் வாய்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்: வெடித்த உதடு, ஓரத்தில் வெள்ளை, காய்ந்த வாடை. வெளியே ஐப்பசி மழை விடிந்ததிலிருந்து தகரக்கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது; உள்ளே ஸ்பிரிட் நெடியோடு காயாத விரிப்புகளின் முடை கலந்து கிடந்தது. டான்சில் ஆபரேஷனுக்காகப் பத்தமடையிலிருந்து வந்திருந்த ஆறு வயது ஃபர்ஹத்தின் உதடுகள் மட்டும், இப்போதுதான் தம்ளரைக் கீழே வைத்தவளுடையவை போலப் பளபளத்தன.

“பிள்ளைக்குத் தண்ணி குடுத்தியாம்மா?”

தாய் கமர் நிஷா பதறிப்போனாள். “அல்லா மேல ஆணையா இல்ல சிஸ்டர். விடிய விடியக் கேட்டு அழுதா. அவளப் பாத்து நானும் ஒரு வாய் குடிக்காமத்தான் கெடக்கேன்.”

அவள் பொய் சொல்கிறவளாகத் தெரியவில்லை. ஆனாலும் ரைஹானத்தால் அப்படியே விட முடியவில்லை. மயக்கத்தில் வயிற்றுத் தண்ணீர் மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால், பிள்ளை மேசையில் படுத்தபடியே மூழ்கிவிடும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் தாய்மாரிடம் கெஞ்சியும் மிரட்டியும் சொல்லிவந்தது இதைத்தான்.

பஞ்சால் உதடுகளைத் துடைத்தாள். குப்பைக்கூடையில் பஞ்சைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். உதடுகள் மறுபடியும் நனைந்திருந்தன. மோவாயிலிருந்து ஒரு துளி கழுத்து மடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குனிந்து முகர்ந்தாள். பாசியும் சேறும் கலந்த வாடை. வெள்ளம் வந்த ஆற்றின் வாடை.

“யாரு கண்ணு தண்ணி குடுத்தா?”

“அந்த அக்கா.”

“எந்த அக்கா?”

ஃபர்ஹத் அவளை இரக்கத்தோடு பார்த்தாள். “அவ ரொம்பப் பாவம் சிஸ்டர். இங்கன எல்லாருக்கும் குடுத்துட்டுத்தான் போவாளாம்.”

பக்கத்துக் கட்டிலில் குடலிறக்கத்துக்காகப் படுத்திருந்த ஞானசிகாமணி வாத்தியார், கண்ணை மூடியபடியே நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். “என்ன ருசிங்க தாயி! கைதான் அவளுக்கு ஐஸா இருக்கு.”

ரைஹானத் ஓடிப்போய், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் கரோலினைக் கூட்டிவந்தாள். கரோலின் குழந்தையின் வயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து அழுத்தினாள். திரை முழுக்கக் கறுப்பு.

“இம்புட்டுத் தண்ணியா? இவளை இன்னைக்குத் தொட முடியாது.” வாத்தியாரின் வயிற்றிலும் அதே கறுப்பு. கரோலின் கமர் நிஷாவைச் சத்தம்போட்டு அழவைத்துவிட்டு, “சர்ஜன்ட்ட சொல்லிட்டு வாறேன். ஒருத்தரையும் உள்ள விடாதீங்க சிஸ்டர்” என்று விறுவிறுவென்று போனாள்.

பிள்ளை தப்பித்தது. ரைஹானத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கதவைத் தாழிட்டாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள், பைகளைத் துழாவினாள். ஒரு பாட்டில்கூட இல்லை. எல்லாக் கட்டில்களும் கண்ணில் படும்படி சுவரோரம் நாற்காலியைப் போட்டு, முதுகைச் சுவரில் ஒட்டவைத்து உட்கார்ந்தாள். கமர் நிஷா மகளின் காலடியில் சுருண்டிருந்தாள். யாரும் வரவில்லை. கதவு அசையவில்லை.

கரண்டு போனது.

ஜன்னலில்லாத அறை. கண் முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்கு விலகிப் போனது போலிருந்தது.

மடக்.

யாரோ விழுங்கும் ஒலி. சின்னத் தொண்டை.

மடக். அடுத்த கட்டில்.

மடக். அதற்கடுத்தது.

“நிஷா?” என்றாள். “ஏட்டி நிஷா!”

நிஷா இருந்த பக்கத்திலிருந்தும் அதே ஒலி. நிதானமாக. தாகத்தோடு.

ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் எரிந்தன.

எல்லாத் தலைகளும் பின்னால் சாய்ந்திருந்தன. எல்லா வாய்களும் குருவிக்குஞ்சுகளின் வாய்போல அண்ணாந்து திறந்திருந்தன. தொண்டைகள் ஏறின, இறங்கின. வாய்களுக்கு மேலே ஒன்றுமில்லை. வெறும் காற்று. ஆனால் கடைவாய்களில் ஆற்று வெள்ளத்தின் செந்நிறத் தண்ணீர் வழிந்து, தலையணைகளை நனைத்து, தரையில் சொட்டியது. ஃபர்ஹத்தின் வயிறு பச்சைக் கவுனுக்குள் மெல்ல மெல்ல மேலெழும்பியது. நிஷாவின் கண்கள் திறந்திருந்தன. அவற்றில் பயம் இல்லை. நன்றி இருந்தது.

யாருக்கும் புரையேறவில்லை.

யாரும் மூச்சு விடவில்லை.

ரைஹானத் கத்த நினைத்தாள். நாக்கு எழவில்லை. எழுந்திருக்க நினைத்தாள். கால்கள் எங்கோ இருந்தன.

ஆற்று வாடை. மிக அருகில்.

அவளுடைய மோவாய்க்குக் கீழே சில்லென்று விரல்கள் பட்டன. சோறு ஊட்டும் தாயின் பரிவோடு, பைய, அவள் முகத்தை நிமிர்த்தின.