பதினேழாம் அறையின் மின்தடை

செவ்வாய்க் கோளின் தென்குடியில் காலை வணக்கம் சொல்ல யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒவ்வோர் அறையின் சுவரிலும், அங்கே குடியிருப்பவரின் சாயலில் ஒரு பதில்முகம் உண்டு. நலம் விசாரிப்பதும் சிரிப்பதும் வாழ்த்துவதும் அதன் வேலை. உரியவர் தம் பாட்டில் நிம்மதியாக இருக்கலாம். கதவைத் தட்டுவது அங்கே அநாகரிகம்.

அறைகளில் ஓடும் மின்சாரத்தைக் கணக்குப் பார்க்கும் மின்கணிப்பாளர் சந்தியாகு ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். முந்நூறு பதில்முகங்கள் அவருக்கு நலம் வேண்டின. முதல் நாளே நேரில் வந்து கதவைத் தட்டிக் கஞ்சி கொடுத்தது பதினேழாம் அறைத் தவமணி மட்டும்தான்.

அறைக்கு நாற்பத்தெட்டு வோல்ட். ஆள் இருந்தால் மூன்று ஆம்பியர் ஓடும்: விளக்குக்கும் சூட்டுக்கும் ஒன்று, பதில்முகத்துக்கு ஒன்று, மூச்சுக்காற்றைச் சலவை செய்யும் விசிறிக்கு ஒன்று. பெருக்கினால் நூற்று நாற்பத்து நான்கு வாட். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை பதினாறு ஓம். ஐம்பது வாட்டைத் தாண்டினாலே ‘ஆள் நலம்’ என்று கணினி பச்சை விளக்கைக் காட்டிவிடும். சந்தியாகுவோ தம் கையாலும் ஒரு முறை வகுத்துப் பார்ப்பவர்.

பதினேழாம் அறையிலும் பச்சைதான். ஆனால் ஓடியது இரண்டே ஆம்பியர். தொண்ணூற்று ஆறு வாட், இருபத்து நான்கு ஓம். எது ஓடவில்லை?

அந்த அறை வாசலுக்கு ஓடினார்.

“தங்கச்சி, எப்படிம்மா இருக்க?”

“நல்லா இருக்கேன்ணே. காய்ச்சல் விட்டிருச்சா?” சுவரிலிருந்து தவமணியின் குரல் கேட்டது.

“கதவைத் திற. முகத்தை மட்டும் பார்த்துட்டுப் போயிடுறேன்.”

“கொஞ்சம் வேலையா இருக்கேன்ணே. அப்புறம் பார்ப்போம்.”

குரலில் சிரிப்பிருந்தது. கதவிடுக்கில் வெளிச்சமும் தெரிந்தது. விளக்கும் பதில்முகமும் ஓடுகின்றன, ஓடாதது விசிறி. ஆள் மூச்சு விட்டால்தான் அது சுழலும்.

“ஆண்டவரே” என்று சிலுவையிட்டுக்கொண்டு, பணிச்சாவியால் கதவைத் திறந்தார்.

நாற்காலியில் தவமணி சாய்ந்திருந்தாள். கஞ்சி கொண்டுவந்த நாளில் உடுத்தியிருந்த அதே சேலை. உயிர் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. அவள் தலைக்கு மேலே, சுவரில், அவள் முகம் எதையோ கேட்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

சந்தியாகு தம் துண்டால் அவளைப் போர்த்திவிட்டு, அடுத்த அறைக் கதவை இரண்டு கையாலும் தட்டினார். ஜெசிந்தா எரிச்சலோடு எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே இது, பழக்கமில்லாத பழக்கம்? ஒரு சேதி போட்டா ஆகாதா?”

“தவமணி போயிட்டாம்மா.”

“வெளையாடாதீங்க. அக்காவும் நானும் இப்பக்கூடப் பேசிச் சிரிச்சிக்கிட்டிருக்கோமே!” என்று தன் சுவரைக் காட்டினாள்.

சுவரில் ஜெசிந்தாவின் பதில்முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“நீயா பேசுன?” என்று மெல்லக் கேட்டார்.

ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பற்றிக்கொண்டார். எழுந்து போய்க் கதவு கதவாகத் தட்ட இருவருக்கும் தெம்பில்லை. கடைசியில் சந்தியாகுவே சுவர் வழியாக மரணச் செய்தியைத் தென்குடி முழுவதற்கும் அறிவித்தார்.

ஒரு கதவும் திறக்கவில்லை. மூன்று நொடிக்குள் முந்நூறு இரங்கல்கள் வந்து குவிந்தன. எல்லாவற்றுக்கும் முந்தி வந்தது பதினேழாம் அறையிலிருந்து:

“ஐயோ, நல்ல மனுஷியாச்சே! போன வாரம்கூட நேர்ல போய்ப் பார்க்கணும்னு நெனச்சேன்.”