நாற்பது விநாடிச் சுரங்கம்

ஊவா மாகாணத்தின் புதிய யுகம் 2007 ஆகஸ்ட் பதினான்காம் திகதி, காலை எட்டு மணி நான்கு நிமிடச் சுபவேளையில் பிறந்தது. பதுளையிலுள்ள தேயிலைக் கம்பனியின் பிராந்திய அலுவலக வாசலில் பதித்த பித்தளைப் பலகை அப்படித்தான் சொல்கிறது. அதே யுகம் அதே நாள் பத்தேகால் மணிவாக்கில் முடிந்துபோனதைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை. எழுத இடமும் இருக்கவில்லை. மிச்ச இடம் முழுவதையும் தகவல் தொழில்நுட்பத் தலைவர் இரகுநாதனின் பதவிப் பெயர் எடுத்துக்கொண்டிருந்தது.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, கிளன்டோர் தோட்டத்துத் தொழிற்சாலையின் கணினி அலுவலர் மதுஷா, ஸ்பிரிங்வெளி பஸ்ஸால் இறங்கி நேராகப் புஹாரியின் கடைக்கு வந்தாள்.

புஹாரி அப்போது கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தம் பெயரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கொம்பியூட்டர் விற்பதும் திருத்துவதும் ஆறு வாரத்தில் நெட்வேர்க் டிப்ளோமா கொடுப்பதும் அவர் தொழில். கடையின் பின்மேசையில் வாரத்தில் மூன்று நாள் வந்து உட்காருபவர் குணமணி. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் பழுதடைந்த லைன்களைச் சோதித்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அம்மா. ஊரின் விளங்காத பழுதுகளைத் தேடிப் பிடிக்கும் இந்த இருவரில் யார் துப்பறிபவர், யார் உதவியாள் என்பதில் புஹாரிக்குத் திடமான கருத்து ஒன்று இருந்தது. பதுளையில் அந்தக் கருத்தை வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

மதுஷா கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தாள். இரகுநாதன் பணிப்பாளருக்கு எழுதியது. பதுளைக்கும் தொழிற்சாலைக்கும் இடையிலான கணினி இணைப்பு ஓயாமல் அறுந்து விழுவதற்குத் தோட்டத்துப் பக்கமே காரணம் என்றும், கிளன்டோரின் கணினிப் பதவியை நீக்கி வேலையைப் பதுளைக்கு மாற்றவேண்டும் என்றும் அதில் இருந்தது. இன்று பின்னேரம் மூன்று மணிக்குப் பணிப்பாளர் கொழும்பிலிருந்து வந்து கையெழுத்து வைப்பார்.

"வேலை போனா போவுது மிஸ்," என்றாள் மதுஷா. "மூனாவது வரியப் பாருங்க. 'தோட்டத்தில் பிறந்தவர்களிடம் இத்தகைய நுட்பத்தை எதிர்பார்க்க முடியாது.' அந்த வரி போகணும். எங்க லயத்து வீட்டு வரிசையில கையுள்ள நாற்காலில உக்காந்து வேலை பாக்குற மொத ஆளு நானு. என்னோட போகட்டும்னு விட்டுட முடியாது."

குணமணி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "இரும் பிள்ளை. முதல்ல இருந்து சொல்லும்."

மதுஷா சொன்னது இவ்வளவுதான். பதுளை அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் இடத்துக்கொரு ரவுட்டர் பெட்டி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஊரெல்லாம் போகும் பொது இணையம். கம்பனிக் கணக்கு வழியில் யார் கண்ணிலும் படக்கூடாதென்று, எல்லாவற்றையும் பூட்டிய உறைக்குள் போட்டு, மேலே மற்றப் பெட்டியின் வெளிவாசல் விலாசத்தை எழுதி அனுப்புகிறார்கள். அந்தப் பூட்டிய பாதைக்குத்தான் சுரங்கம் என்று பெயர். சுரங்கம் எழும்பியதும், அதாவது இணைப்பு உயிர் பெற்றதும், இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று, "என் பக்கம் இன்னின்ன இடங்கள் இருக்கின்றன, அங்கே போவதானால் என்னிடம் வா," என்று பட்டியல் சொல்லிக்கொள்ளும். யாரும் கையால் வழி எழுதத் தேவையில்லை.

பதினான்காம் திகதித் திறப்பு விழாவன்று பணிப்பாளர் இப்றாஹீம் பதுளையில் சுவிட்சைப் போட்டதும் இரண்டு பட்டியலும் பெரிய திரையில் வந்தன. தோட்டத்தின் பக்கம் ஐந்து வரி: தொழிற்சாலை, களஞ்சியம், மருந்துச்சாலை, தோட்டக் காரியாலயம், நிறுவைக் கொட்டில். பதுளையின் பக்கம் ஒரே வரி. "என்ன இரகுநாதன், தோட்டம் உங்களவிடப் பெரிசா இருக்கே," என்று பணிப்பாளர் சிரித்தாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அவள் அதைத் தோட்டத்திலிருந்து போனில் கேட்டிருக்கிறாள். ஒன்பது மணிக்கு விருந்தினர்கள் வாகனங்களில் கிளன்டோருக்குப் புறப்பட்டார்கள். அவர்கள் வந்து இறங்கியபோது சுரங்கம் விழுந்து கிடந்தது. எழும்பியது. நாற்பது விநாடி நின்றது. திரும்ப விழுந்தது. ஒன்பது நாளாக அதே கதை.

புஹாரிக்கு உடனே நான்கு சந்தேக நபர்கள் தென்பட்டார்கள். மின்னல், கேபிளைக் கடிக்கும் முள்ளம்பன்றி, தொழிற்சாலையின் ரோலர் மோட்டார்கள், பூட்டின் சாவி. மதுஷா தன் கொப்பியைப் புரட்டி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். மழையில்லாத நாளிலும் விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ஓடாதபோதும் விழுகிறது. முள்ளம்பன்றி நாற்பது விநாடிக்கு ஒருமுறை கடிப்பதில்லை. சாவி பிழையென்றால் சுரங்கம் எழும்பவே எழும்பாது.

"போன சனிக்கிழமை பட்டியல் சொல்றத நிப்பாட்டிட்டு, வழியெல்லாத்தையும் கையால எழுதிப் பாத்தேன். நாள் முழுக்க விழவே இல்ல. இரகுநாதன் சேர் போன் போட்டு ஏசினாரு. பித்தளைப் பலகையில 'தானியங்கி'ன்னு செதுக்கியாச்சாம். பழையபடி மாத்த வச்சாரு."

"பதுளைப் பெட்டிக்குள்ள நீர் போய்ப் பார்க்கலாமோ?" என்று கேட்டார் குணமணி.

"அந்தப் பாஸ்வேர்ட் தோட்டத்துக்கு எதுக்குன்னு தரல மிஸ்."

புஹாரி பெருமூச்சு விட்டார். "தங்கச்சி நம்மட கோர்ஸ் செய்யல்லத்தானே? செஞ்சீந்தா இந்தக் கரச்சலே வந்தீக்காது." டெக்னிக்கல் கொலிஜில் படித்ததாக அவள் சொன்னதை அவர் பெரிய மனதோடு மன்னித்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே தாம் கண்டுபிடித்த பெரட்டு முறையை விளக்கினார். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் வேலையாட்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார்கள் அல்லவா? பேர் விடுபட்டவருக்கு அன்று வேலையில்லை. பட்டியலும் அப்படித்தான். பெட்டியில் உள்ள ஒரு விலாசமும் விடுபடக்கூடாது. இதைச் சொல்லும்போது அவர் எப்போதும் ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார்.

குணமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "புஹாரி, அதை ஒருக்காத் திருப்பிச் சொல்லும்."

புஹாரி மகிழ்ச்சியோடு திருப்பிச் சொன்னார்.

"சரி. உம்மட வான் வண்டியை எடும். முதல்ல தோட்டத்துக்குப் போவம்."

கிளன்டோர் தொழிற்சாலையின் கணினி அறை உலர்த்தும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும். குணமணி பெட்டியைத் தொடவில்லை. சுரங்கம் விழுந்து கிடக்கும்போது ஒரு தடவையும், எழும்பி முப்பதாவது விநாடியில் ஒரு தடவையும் பெட்டியிலுள்ள வழிகளின் பட்டியலை அச்செடுக்கச் சொன்னார். இரண்டு தாளையும் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது தாளில் பதுளையிலிருந்து வந்த வரிகளை எண்ணினார். பதினொன்று. திறப்பு விழாக் காலையில் ஒன்று இருந்த இடத்தில் இப்போது பதினொன்று. கடைசி வரியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் தாளை மதுஷாவிடம் நீட்டினார்.

மதுஷா பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

"ஒன்பது நாளா என் பெட்டியவே பாத்துக்கிட்டு இருந்தேன் மிஸ். என் மேலதான் பிழைன்னு சொன்னாங்க. நானும் இங்கயே தேடிக்கிட்டு இருந்தேன்."

"இங்க இருந்தே அந்த வரியை மறிக்கலாம்," என்றார் குணமணி. "மறிச்சால் சரிவரும். ஆனா ஆர் விட்ட பிழையெண்டு எழுதுவினம்?"

"என் பிழைன்னு."

"அப்ப மறிக்க வேண்டாம்."

புஹாரியும் தாளை வாங்கிப் பார்த்தார். பதினொரு வரியும் ஒரே சீராக, அழகாக இருந்தன. எல்லாம் விளங்கிய மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வானைத் திருப்பப் போனார்.

மூன்று மணிக்குப் பதுளை அலுவலகத்தில் ஐந்து பேர் கூடினார்கள். பணிப்பாளர் இப்றாஹீம் பேனாவை மேசையில் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். இரகுநாதனின் பின்னால் சுவரில் அவர் பெற்ற சான்றிதழ்கள் சட்டமிட்டுத் தொங்கின. கொழும்பு ஒன்று, சிங்கப்பூர் இரண்டு. அவற்றில் தாம் கொடுத்தது ஒன்றும் இல்லையே என்று புஹாரிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

குணமணி சுற்றி வளைக்கவில்லை. "இந்தப் பெட்டியில கடைசியா எப்ப மாற்றம் செய்தது?"

"எங்கட பெட்டியில சுபநேரத்துக்குப் பிறகு ஒருத்தரும் கை வைக்கேல்லை," என்றார் இரகுநாதன். "பிராந்திய அலுவலகப் பெட்டி, அம்மா. பிழை விடாது."

பெட்டியின் முதல் பக்கத்தைத் திரையில் காட்டும்படி குணமணி கேட்டார். மேல் வரியில் தெரிந்தது: கடைசி மாற்றம், 1993 மார்ச் 1, இரண்டு மணி பதினொரு நிமிடம்.

புஹாரிக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. பழைய பெட்டியைப் புதிதென்று விற்றிருக்கிறார்கள். குற்றவாளி கொழும்பு வியாபாரி. அவர் வாயைத் திறக்கும் முன் இரகுநாதன் முந்திக்கொண்டார். பதினான்கு வருடம் பிந்திய மணிக்கூட்டின் பதிவை யாரும் சாட்சியாக எடுக்கமாட்டார்கள் என்றார்.

"திகதி பிழைதான்," என்றார் குணமணி. "இந்தப் பெட்டிக்கு நாள் தெரியாது. நாங்கள் சொல்லிக் குடுக்கேல்லை எண்டால், சுவிட்ச் போட்ட நேரத்தை 1993 மார்ச் முதலாம் திகதி நடுச்சாமம் எண்டு வைச்சுக்கொண்டு எண்ணத் தொடங்கும். ஆனா எண்ணுறதில பிழை விடாது. அப்ப இந்த மாற்றம் சுவிட்ச் போட்டு இரண்டு மணித்தியாலம் பதினொரு நிமிசத்தில. சுவிட்ச் எப்ப போட்டது? அதுக்கு வாசலில பித்தளையில சாட்சி இருக்கு. இடையில நிப்பாட்டியிருந்தால் எண்ணிக்கை முதல்ல இருந்து தொடங்கியிருக்கும், இந்த வரியும் இருந்திராது. கூட்டிப் பாருங்கோ."

இப்றாஹீம் விரல் விட்டுக் கூட்டினார். "பத்தேகால்."

மதுஷா கொப்பியைத் திறந்து அவர் முன் வைத்தாள். ஆகஸ்ட் பதினான்கு, முதல்முறை விழுந்தது, பத்து பதினாறு.

"பத்தேகாலுக்கு நாங்க எல்லாரும் ஸ்பிரிங்வெளி ரோட்டில," என்றார் இப்றாஹீம் மெதுவாக. "இரகுநாதன், நீங்க மட்டும் ஒரு முக்கியமான போன் வரும், பின்னால வாறேன்னு நின்னீங்க."

இரகுநாதன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். சுருக்கமாகச் சொன்னால், பிராந்திய அலுவலகத்தின் பட்டியல் ஒரு தோட்டத்தின் பட்டியலைவிடக் குட்டையாக இருப்பது கம்பனியின் கௌரவத்துக்குப் பொருந்தாது என்று அவர் கருதியிருந்தார். விருந்தினர்கள் தோட்டத்தில் இறங்கும்போது அங்குள்ள திரையில் பதுளை நீளமாகத் தெரியவேண்டும் என்று நினைத்தார். ஆகவே பெட்டியிலிருந்த விலாசங்கள் அனைத்தையும் பட்டியலில் சேர்த்தார். பாவிக்காத மாடி அறைகளையும் சேர்த்தார். அதில் என்ன குற்றம்?

"மாடி அறையில குற்றமில்லை. பதினோராவது வரியில பதுளையின்ர வெளிவாசல் விலாசமும் சேர்ந்து போயிட்டுது," என்றார் குணமணி. "பிள்ளை, நீர் சொல்லும்."

மதுஷா எழுந்து நின்றாள். "சொரங்கத்துக்குப் போற ஒறையில அந்த வெளிவாசல் விலாசத்தத்தான் எழுதுறோம் சேர். அதுக்குப் பொது ரோட்டால போகணும். ஆனா சொரங்கம் எழும்பினதும் பதுளைப் பெட்டி, 'என் வெளிவாசலுக்கு வரணும்னா சொரங்கத்துக்குள்ளால வா'ன்னு சொல்லுது. எங்க பெட்டி நம்பி, ஒறையத் தூக்கிச் சொரங்கத்துக்குள்ளயே போடுது. வாசலுக்கே போகாம உள்ள எப்படிப் போறது? விழுந்துருது. விழுந்ததும் பதுளை சொன்னது மறந்து போவுது. பழைய ரோட்டால போயி மறுபடி எழும்புது. மறுபடி கேக்குது. மறுபடி நம்புது."

"தெமோதரை ரயில்பாதை மாதிரி," என்றார் இப்றாஹீம். "ரயில் வளைஞ்சு வந்து தன்ட காலுக்குக் கீழேயே சுரங்கத்துல நுழையிற மாதிரி."

"தெமோதரையில ரயில் வெளியில வந்திடும் சேர்," என்றாள் மதுஷா.

இரகுநாதன் பாஸ்வேர்டை ஒரு கையால் மறைத்துக்கொண்டு அடித்தார். பதினோராவது வரி பட்டியலிலிருந்து அழிந்தது. சுரங்கம் எழும்பியது. எல்லாரும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். முப்பது. நாற்பது. ஐம்பது. இரண்டு நிமிடம். தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. களஞ்சியப் பதிவுகள் தடையில்லாமல் பதுளைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்றார்கள்.

பணிப்பாளர் கடிதத்தைக் கிழிக்கப் போனார். மதுஷா தடுத்தாள். "கிழிச்சா அவர் எழுதினது பிழைன்னு எங்கயும் இருக்காது சேர். மூனாவது வரிய எழுதினவரே வெட்டட்டும். வெட்டின கடிதம் தோட்டத்து ஃபைல்ல இருக்கட்டும். பாஸ்வேர்டும் எனக்கு வேணும்."

இப்றாஹீம் தம் பேனாவை இரகுநாதன் பக்கம் தள்ளினார். கோடு இழுக்கும் சத்தம் அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது. பாஸ்வேர்டை ஒரு துண்டில் எழுதி வாங்கியபோது மதுஷா நன்றி சொல்லவில்லை. எழுத்துச் சரிதானா என்று ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். அவள் நின்ற நிமிர்வைப் பார்த்த புஹாரிக்கு, தாமே அவளைப் படிப்பித்த மாதிரி நெஞ்சு விரிந்தது. போகும் வழியில் பசறைச் சந்திவரை இதை எல்லாருக்கும் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"ஒண்டு விளங்கேல்ல," என்றார் குணமணி. "ஒரு விலாசமும் விடாமல் சேர்க்கச் சொல்லி உங்களுக்கு ஆர் படிப்பிச்சது?"

சிங்கப்பூரில் பெற்ற பயிற்சி என்றார் இரகுநாதன். அந்தப் பயிற்சியின் கைநூலைப் பார்க்கலாமா என்று பணிப்பாளர் கேட்டார். இரகுநாதன் தயங்கி மேசை லாச்சியைத் திறந்தார். உள்ளே தேத்தண்ணிக் கறை படிந்த ஃபோட்டோப் பிரதி ஒன்று இருந்தது. தமிழில் இருந்தது. இப்றாஹீம் நான்காம் பாடத்தை உரத்து வாசித்தார்: "பெரட்டில் ஒரு பேரும் விடுபடக்கூடாது. அதுபோல, பெட்டியில் உள்ள ஒரு விலாசமும் விடுபடக்கூடாது."

அடுத்த பக்கத்தில் பாடத்தை எழுதிய ஆசிரியரின் படம் இருந்தது. புஹாரி அதில் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார்.