பதினொரு மதிப்பெண் அம்மா

இரண்டாம் முறையும் பட்டறிவுமானி பதினொன்று என்றே காட்டியது. தேற அறுபது வேண்டும்.

வசுமதி நெற்றியில் மாட்டியிருந்த உணர்வளையத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். மணிக்கட்டுப் பட்டைகளை மானியாளர் கோமதிநாயகம் ஒவ்வொன்றாக உரித்தெடுத்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்பது வயது சுடர், தலை ஈரம்கூடக் காயாமல், சோதனைக்கென்று கொடுத்த இட்லியின் மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தாள்.

“இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு மேடம். பத்து நாள் கழிச்சு,” என்றார் கோமதிநாயகம்.

“அதுலயும் வரலைன்னா?”

அவர் பட்டைகளைச் சுருட்டினார். “பிள்ளைய மன்றத்து இல்லத்துல சேத்துருவாங்க. நீங்க மாசம் ஒரு தடவ போயிப் பாக்கலாம்.”

வளர்ப்புரிமை மன்றத்தின் சோதனையறை ஒரு வீடு மாதிரி இருக்கும். அடுப்பு, கட்டில், குளியல் வாளி எல்லாம் உண்டு. வளர்ப்பவரும் குழந்தையும் அதற்குள் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். தலைக்கு ஊற்ற வேண்டும், பின்னல் போட வேண்டும், ஊட்ட வேண்டும், பொய்க் காய்ச்சலுக்கு மெய்யாகப் பதற வேண்டும். செய்வதெல்லாம் வாழ்ந்து வந்ததா, நடித்து வந்ததா என்று மானி சொல்லிவிடும். பெற்றவர்களுக்கு மட்டும் இந்தச் சோதனை கிடையாது. வைத்தால் எத்தனை பிள்ளைகளை இல்லத்தில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று சட்டம் போட்டவர்களுக்குத் தெரியாதா என்ன.

சுடரைப் பெற்றவள் சரசு. வசுமதிக்கு ஏழு வருடம் தலை அலங்காரம் செய்தவள். குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். தகப்பன் அதற்கும் முன்பே வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். அன்று மருத்துவமனையில் கைநீட்டி வாங்கிய குழந்தையை வசுமதி இன்றுவரை கீழே இறக்கவில்லை. அவள் விளக்குகளுக்கு நடுவில் யாருக்கோ அழுதுகொண்டிருக்கும்போது, கேமராவுக்குப் பின்னால் தூளியில் கிடந்து வளர்ந்த பிள்ளை அது. அதைப் பிரித்துவிட்டால் அவளுக்கு இந்த ஊரில் வேறு ஒன்றும் இல்லை.

பட்டறிவுமானி முதலில் வந்தது சினிமாவுக்கு; மன்றம் அதைப் பிடித்துக்கொண்டது போன வருடம்தான். படம் ஓடும்போது திரையின் மூலையில் ஓர் எண் ஓடும். நாயகி செவிலியாக வந்து ஊசி போட்டால், அது உண்மையிலேயே ஊசி போட்ட கைதானா என்று எண் காட்டிக்கொடுத்துவிடும். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. கதை எப்படி என்று கேட்பதை விட்டுவிட்டு எண் எவ்வளவு என்று கேட்டார்கள். அறுபதுக்குக் கீழே ஓடிய படத்தை யாரும் சீண்டவில்லை.

அப்புறம் என்ன, கோடம்பாக்கத்துக்குப் புதுக்கூட்டம் வந்து இறங்கியது. மதுரையில் மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்த டாக்டரம்மா வந்தாள். திருப்பூரில் பனியன் தைத்தவள், வால்பாறையில் கொழுந்து கிள்ளியவள், ஆயுதப்படையில் லத்தி பிடித்தவள், அடகுக்கடையில் இருபது வருடம் நகை உரசிப் பார்த்தவள் எல்லோரும் நடிகை ஆனார்கள். நடிப்பு மட்டுமே தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

வசுமதிக்கு நடிப்பு மட்டுமே தெரியும். அப்பா செட்டில் ஆணி அடித்தவர். ஒருநாள் காட்சிக்கு அழுகிற குழந்தை ஒன்று தேவைப்பட்டது. மூன்றரை வயது மகளைத் தூக்கிக் கொடுத்தார். அதிலிருந்து பேபி வசுமதி. பதினாறில் தங்கை, இருபதில் நாயகி, அதுவும் ஒன்றரைப் படம். இரண்டாவது படம் பாதியில் நின்றுவிட்டது. இருபத்தாறில் அண்ணி. இருபத்தொன்பதில் அம்மா, தன்னைவிட மூன்று வயது மூத்த கதாநாயகனுக்கு. அதே வருடம் மாலை ஏழரை மணித் தொடரில் அம்மாவாக உட்கார்ந்தவள் ஒன்பது வருடம் எழுந்திருக்கவில்லை. சுடர் கைக்கு வந்தபோது அவளுக்கு வயது முப்பத்திரண்டு. அதற்குள் நாற்பது பிள்ளைகளுக்காவது தாயாகியிருந்தாள்.

“நான் நடிக்கல சார். சத்தியமா நடிக்கல.”

“எனக்குத் தெரியும் மேடம். மானிக்குத்தான் தெரியாது.” கோமதிநாயகம் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் திருநெல்வேலிக்காரர். “இதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது ரெண்டு குவியல வச்சு. ஒண்ணு நடிப்புக் குவியல். இதுவரைக்கும் வந்த படம், தொடர் எல்லாம் அதுல கெடக்கு. இன்னொண்ணு வாழ்வுக் குவியல். ஆறாயிரம் வீட்டுல பொம்பளைகளுக்கு வளையத்த மாட்டிவிட்டு எடுத்தது. நீங்க செய்யது எந்தக் குவியலோட ஒட்டுதுன்னு பாத்து மார்க் போடும், அவ்வளவுதான். பிள்ளைக்குக் காய்ச்சல்னா கழுத்துல பொறங்கைய வச்சிட்டு, ஒடனே ஒங்க கழுத்துலயும் வச்சு ஒத்துப் பாக்கீங்கள்லா. தொடர்ல ஒம்பது வருசம் செஞ்சது. அச்சு அசல் அதேதான். அப்போ நடிப்புன்னுதான சொல்லும்?”

“அது என் கை சார். வேற கைக்கு நான் எங்க போறது?”

கோமதிநாயகம் சுருட்டிய பட்டைகளைப் பெட்டிக்குள் வைத்தார். “எங்கம்மையும் அப்படித்தான் காய்ச்சல் பார்ப்பா. ஒங்களப் பாத்துப் படிச்சதுதான். அந்த ஆறாயிரத்துல அவளும் ஒருத்தி. அவளுக்கு மார்க் தொண்ணூத்திரெண்டு.”

வசுமதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எதைச் செய்தாலும் அது நடிப்புக் குவியலில் கிடக்கும்.

அன்று மாலையே லூர்துமேரியைத் தேடிப் போனாள். லூர்துமேரி பதினான்கு வருடம் பேருந்தில் நடத்துநராக இருந்துவிட்டு, முப்பத்தெட்டு வயதில் சினிமாவுக்கு வந்தவள். முதல் படத்தில் நடத்துநராகவே நடித்துத் தொண்ணூற்று நான்கு வாங்கினாள். பெரிய நாயகிகள் எல்லாம் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வளசரவாக்கத்தில் அவள் வீட்டு வரவேற்பறையில் இன்னும் அந்த விசில் தொங்குகிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேரி சொன்னாள்: “என் ரெண்டாவது படத்துல எவ்ளோ வந்துச்சு தெரியுமா ஒனக்கு? அம்பத்தொண்ணு. அதே பை, அதே விசிலு, அதே நான். மொதப் படம் அந்தக் குவியல்ல பூந்துக்கிச்சு இல்ல? என்னை மாதிரியே நான் செய்றேனாம், அதனால நடிப்பாம். பதினாலு வருஷம் ஏறி எறங்குன படிக்கட்டு, ஒரே படத்துல பொய்யாப் போச்சு.”

“டாக்டரம்மாவும் அதான் காணாமப் போனாங்களா?”

“எல்லாரும்தான். கரும்பு மாதிரி ஒரு தபா புழிஞ்சா முடிஞ்சிது. வால்பாறைக்காரி திரும்ப எஸ்டேட்டுக்கே போயிட்டா. கொழுந்து கிள்றப்ப யாரோ பாக்கற மாதிரியே இருக்குதாம், வெரல் ஓடலயாம். போன் பண்ணி அழுவுறா.”

“நீ மட்டும் எப்படிக்கா மூணு படம் தாண்டின?”

மேரி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “நான் என்னை மாதிரி செய்றத வுட்டுட்டேன். என்னைப் பாத்துட்டு எவளோ ஒருத்தி அரகொறயா செஞ்சா எப்பிடி இருக்கும்? அப்பிடி செய்றேன். ரெண்டு வருஷமா என்னை நானே தப்பும் தவறுமா காப்பியடிச்சுதான் பொழப்பு ஓடுது. நீயும் அதச் செய். ஒன்னப் பாத்து அம்மாவா இருக்கக் கத்துக்கினாளுங்களே ஊருல, அவளுங்களப் பாத்து இப்ப நீ கத்துக்க.”

“என் பொண்ணுகிட்டயே நடிக்கச் சொல்றியா?”

“பொண்ணு வேணுமா வேணாமா, அத மொதல்ல சொல்லு.”

மறுநாள் காலை வசுமதி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, குழந்தைகளுக்குக் காய்ச்சல் பார்க்கும் ஒரு மருத்துவமனை வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஒன்பது நாளும் அங்கேதான்.

முதல் நாளே அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வரிசை முழுக்க அவள்தான் இருந்தாள். அவளுடைய புறங்கை, அவளுடைய பெருமூச்சு, முகத்தை வழித்து நெட்டி முறிக்கும் அவளுடைய விரல்கள். ஆனால் எல்லாம் பாதி. ஒருத்தி குழந்தையின் கழுத்தில் புறங்கையை வைத்தாள். அதே நேரம் டோக்கன் எண் கூப்பிட்டார்கள், தலையைத் திருப்பினாள், கை அங்கேயே மறந்துபோய்க் கிடந்தது. இன்னொருத்தி தன் கழுத்தைத் தொடக் கையை உயர்த்தினாள். செல்பேசி அடித்தது, உயர்ந்த கை அதை எடுக்கப் போய்விட்டது. மூன்றாமவள் நெட்டி முறிக்கும்போதே கேஸை அணைத்தோமா என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். அன்பு இல்லாமல் இல்லை, நிறையவே இருந்தது. அதற்கு நடுவில் ஆயிரம் வேலையும் இருந்தது.

வசுமதிக்கு அப்போதுதான் தன் குற்றம் என்ன என்று புரிந்தது. அவள் தாய்மையைக் கற்றுக்கொண்ட இடத்தில் ‘ஆக்‌ஷன்’ என்றதும் உலகம் நின்றுவிடும். அடுப்பு, டோக்கன், செல்பேசி எதுவும் கிடையாது. எதிரில் இருக்கும் குழந்தை மட்டும்தான். அந்தப் பழக்கத்தைத்தான் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஒன்பது வருடமாகச் சுடரை அவள் முழுசாகப் பார்த்தாள், முழுசாகத் தொட்டாள். ஊரில் எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காதது அது. அதற்குத்தான் பதினொரு மதிப்பெண்.

வீட்டில் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தாள். தலையணையை மடியில் போட்டுக்கொண்டு, அதன் கழுத்தில் கையை வைத்து, அந்தக் கையை மறக்கப் பழகினாள். முப்பத்தேழு வருடத்தில் இவ்வளவு கஷ்டமான வேடம் அவளுக்கு வந்ததில்லை.

மூன்றாம் சோதனைக்கு முன் சுடரிடம் எதையும் சொல்லவில்லை. பின்னல் போடும்போது நடுவில் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்த்தாள். ஊட்டும்போது உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே வேறெதையோ யோசித்தாள். பிள்ளை வாயைத் திறந்தபடி காத்திருந்தது. காய்ச்சல் பார்க்கும்போது கையைக் கழுத்தில் வைத்தாள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சுடர் அந்தக் கையை எடுத்துச் சரியாக வைத்துவிட்டு, வசுமதியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

“உனக்கு ஒடம்பு சரியில்லையாம்மா?”

எண்பத்து மூன்று.

கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் அவரே வந்து வீட்டுக் கூடத்தின் சுவரில் சின்னதாக ஒரு பெட்டியைப் பொருத்தினார்.

“வீட்டுமானி மேடம். ரெண்டு தடவ தவறுனவங்களுக்குக் கட்டாயம். வளையம் எதுவும் வேண்டாம், தானா பாத்து மார்க் போடும். பச்சை எரிஞ்சா சரி. மஞ்சள்னா கவனம். ஒரு வாரத்துல மூணு நாள் செவப்புல முடிஞ்சா பிள்ளைய ஏத்த வண்டி வந்துரும்.”

“எத்தனை நாளைக்கு?”

“பிள்ளைக்குப் பதினெட்டு ஆகுற வரைக்கும்.” போகும்போது வாசலில் நின்று, நல்ல சேதி சொல்வதுபோல் சொன்னார்: “தொண்ணூறுக்கு மேல வர்ற வீட்டுப் பதிவ எல்லாம் வாழ்வுக் குவியல்ல சேத்துக்கிடுவாங்க மேடம். எங்கம்மையோட சேந்து நீங்களும் இருப்பீங்க.”

இன்னும் ஒன்பது வருடம். தொடர் ஓடிய அதே கணக்கு. தொடரிலாவது இரவு ஒன்பதுக்கு வண்டி ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சுடர் பள்ளியிலிருந்து ஓடிவந்து கட்டிக்கொள்ளும். வசுமதியின் இரண்டு கையும் தானாக அந்த முகத்தை ஏந்தப் போகும், சுவரில் மஞ்சள் எரியும், கை இறங்கிவிடும். “பால் பொங்கிடப் போவுதுடி,” என்று உள்ளே போவாள். அடுப்பில் பால் இருக்காது. அடுப்படியில் மானி இல்லை. அங்கே நின்று வாயில் புடவையை வைத்து அழுதுவிட்டு வருவாள். அந்த அழுகையும் பழைய தொடரில் வந்ததுதான்.

“என் மேல கோவமாம்மா?” என்று முதல் வாரம் கேட்டது சுடர். இரண்டாம் வாரமும் கேட்டது. மூன்றாம் வாரத்திலிருந்து கேட்கவில்லை. அதற்குப் பதிலாகச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தது. அம்மா எப்போது நெருங்கி வருகிறாள், எப்போது விலகிப் போகிறாள், விளக்கு எப்போது எந்த நிறம் என்று ஒன்பது வயதுக் குழந்தை கணக்குப் போட்டுப் பார்த்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுடருக்கு மெய்யாகவே காய்ச்சல் வந்தது. நூற்று மூன்று டிகிரி. கூடத்தில் பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் வசுமதிக்கு வரிசை, ஒத்திகை, மேரி எல்லாம் மறந்துபோயிற்று. மண்டியிட்டுக் குனிந்தாள். பிள்ளையின் கழுத்தில் புறங்கையை வைத்தாள், தன் கழுத்தில் வைத்தாள், மறுபடி பிள்ளையின் கழுத்தில் வைத்தாள். உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை. சுவரில் மஞ்சள் எரிந்து சிவப்பானது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரத்தில் ஏற்கெனவே இரண்டு நாள் சிவப்பில் முடிந்திருந்தது.

சுடர் கண்ணைத் திறந்தது. சுவரைப் பார்த்தது. சூடான சின்னக் கையால் வசுமதியின் கையைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டது.

“அம்மா, லைட் மாறிடுச்சு.”

“இருக்கட்டும்டி.”

“வண்டி வந்துரும்மா.” உதடு காய்ந்திருந்தது, நிறுத்தி நிறுத்திப் பேசியது. தலைமாட்டில் கிடந்த செல்பேசியைத் தடவி எடுத்து அவள் கையில் கொடுத்தது. “என்னைப் பாக்காத. போனப் பாத்துக்கிட்டே தொடு.”

வசுமதி செல்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டாள். திரை அணைந்திருந்தது, அதில் அவள் முகம்தான் தெரிந்தது. அதைப் பார்த்தபடியே இன்னொரு கையைப் பிள்ளையின் கழுத்தில் வைத்தாள்.

“அப்படியே இரு,” என்றது சுடர், கண்ணை மூடிக்கொண்டு.

விளக்கு பச்சைக்குத் திரும்பியது. தொண்ணூற்றாறு. அந்த நிமிடத்தை மன்றம் வாழ்வுக் குவியலில் சேர்த்துக்கொண்டது.