ஒன்பதாம் தேதிப் பக்கம்

காலை 9.40. ஆய்வக நோட்டில் ஒன்பதாம் தேதிப் பக்கத்தைக் காணவில்லை. தையலை ஒட்டி பிளேடால் சுத்தமாக அறுத்திருந்தார்கள்.

நோட்டு இளைய ஆய்வாளருடையது. ஒரு கிருமியின் மரபணு வரிசையில் அதுவரை யாரும் பார்க்காத ஒரு துண்டை அன்றுதான் அவள் கண்டுபிடித்தாள். ஆனால் அதே துண்டைக் கணினியில் தேடி எடுத்த தாளொன்றை மூத்த ஆய்வாளர் இயக்குநரிடம் கொடுத்திருந்தார். தாளின் மேல்மூலையில் இருந்த தேதி மூன்று. ஆக, முதலில் கண்டவர் அவர், திருடியவள் அவள் என்று முடிவாகியிருந்தது. பன்னிரண்டு மணிக்கு வேலைநீக்கக் கடிதத்தில் கையெழுத்தாகும்.

மூத்த ஆய்வாளர் அவளுடைய அக்கா கணவர்.

10.15. இயக்குநர் நூலகரை வரவழைத்தார். மரபணுத் தேடல் கருவிகளுக்கும் களஞ்சியங்களுக்கும் வழிகாட்டிக் கையேடு தொகுப்பவர் அவர். 'அட்டவணை' என்று ஆய்வகமே பட்டப்பெயர் வைத்திருந்தது. வந்தவர் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே தேதி. நடுவில் தேடல் முடிவு. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: தேடப்பட்ட வரிசைகள் 4,18,207.

"நோட்டு கடைசியா யார்கிட்ட இருந்தது?" என்று கேட்டார் நூலகர்.

"அத்தான்கிட்ட," என்றாள் அவள். "திங்கக்கிழமை, பதினாலாம் தேதி. பார்த்துட்டுத் தரேன்னு வாங்கினார்."

"அத்தான் பொத்தான் எல்லாம் வீட்டோட வச்சுக்க," என்றார் மூத்தவர். "மறுநாளே திருப்பிக் குடுத்தாச்சு. மாட்டிக்குவோம்னு நீயே அறுத்திருப்ப."

இயக்குநரின் பார்வை அவள் விரல்களில் போய் நின்றது. அவள் கைகளை மடித்துக்கொண்டாள். அதுவும் குற்றம்போலத் தெரிந்தது.

நூலகர் மூத்தவர் பக்கம் திரும்பினார். "நீங்க எத்தனை தடவை தேடினீங்க, சார்?"

"ஒரே தடவை. மூணாம் தேதி."

"இந்தத் தாள்?"

"அப்பவே பிரிண்ட் எடுத்தது."

"அதுக்கப்புறம்?"

"தொடவே இல்ல. என்ன மேடம், கையேடு எழுதுறத விட்டுட்டு போலீஸ் வேலைக்கு வந்துட்டீங்களா?"

நூலகர் எழுந்துபோய்த் தன் கையேட்டுடன் திரும்பினார்.

11.30. "திங்கக்கிழமை தோறும் களஞ்சியத்துல புது வரிசைகள் சேரும். சேர்ந்ததும் மொத்தத்தை இதுல குறிச்சிடுவேன். மூணாம் தேதி இருந்தது 4,16,300."

"பதினாலாம் தேதி?" என்றார் இயக்குநர்.

"4,18,207."

நூலகர் தாளை மூத்தவர் முன் நகர்த்தினார்.

"மேல இருக்கிற தேதி உங்க கம்ப்யூட்டர் கடிகாரம் போடுறது. அதைப் பின்னால திருப்பி வச்சுக்கலாம். அடியில இருக்கிற எண்ணிக்கை களஞ்சியத்துலேருந்து வருது, அங்க உங்க கை எட்டாது. மூணாம் தேதி வந்தே சேராத ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரிசையிலயும் தேடியிருக்கீங்களே, பெரிய ஆள்தான். அவ நோட்டை வாங்கின பிறகு, அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் நீங்க தேடியிருக்கீங்க. பார்த்துட்டு அறுத்ததும் நீங்கதான்."

மூத்தவர் தாளை எடுக்கக் கை நீட்டினார். இயக்குநர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கடிதத்தில் இருந்த பெயரை அடித்துவிட்டு, மேலே வேறொரு பெயரை எழுதத் தொடங்கினார்.

வேலை தப்பியது. அவள் முகத்தில் நிம்மதி இல்லை.

"சாயங்காலம் அக்கா போன் பண்ணுவா," என்றாள் மூத்தவரிடம். "அவகிட்ட என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

அவள் காத்துக்கொண்டு நின்றாள்.