குறட்டைப் பெட்டி அணையாத வழக்கு

காலை ஆறு மணி. பெண்கள் வார்டின் இரும்பு அலமாரியை சிஸ்டர் திறந்தபோது, பாட்டுப் பெட்டி இன்னும் உயிரோடு இருந்தது. அதுதான் விபரீதம்.

உள்ளங்கை அளவுப் பெட்டி. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அசையவில்லை. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மூலையில் மணி நாலு பத்து. அது முந்தாநாள் மாலை நாலு பத்து. பக்கத்தில் பேட்டரிப் படம், அடியில் ஒரு கீற்றுச் சிவப்போடு.

"இன்னுமா அணையல?" பார்வையாளர் நேரத்துக்கு ஓடிவந்த மகன் அம்மாவின் கட்டிலோரம் தொப்பென்று உட்கார்ந்தான்.

அவன் கவலை நியாயமானது. அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அதை எடுக்க ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். அது இறங்க அவள் தூங்க வேண்டும். அவள் தூங்க அப்பாவின் குறட்டை வேண்டும். அப்பாவோ போய்ச் சேர்ந்துவிட்டார். "நான் குறட்டையே விடறதில்ல" என்று கடைசிவரை சாதித்த மனிதர். சாட்சிக்காக மகன் அதை இந்தப் பெட்டியில் பதிவு செய்தான். வழக்கு முடிவதற்குள் பிரதிவாதி முடிந்துவிட, அம்மா பெட்டியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கப் பழகிக்கொண்டாள். அது ஓடும் நேரத்தில் அவர்கள் தெருப் பூனைகள் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விடும் என்பது கண்டவர்கள் சொன்னது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே பெட்டி உறைந்துபோனது. தூக்க மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரைதான் தூங்கியது. நாளைக் காலைக்குள் அழுத்தம் இறங்காவிட்டால் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"என்ன தம்பி, ராகு காலத்துல பொறந்த மாதிரி மூஞ்சி?" என்றது பக்கத்துக் கட்டில். ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டம்மா. மாவுக்கட்டு போட்ட கால், கப்பியில் தொங்கியது. அது தவிர எல்லாம் வேலை செய்தது.

"ரிப்பேர்க் கடைக்காரர் சொன்னாருங்க. திறந்தா பதிவு போயிடும், சார்ஜ் சுத்தமா தீரட்டும், தானா அணையும், அப்புறம் சொருகினா எழுந்துக்கும்னு. ஒரு ராத்திரி தாங்காதுன்னாரு. ரெண்டு ராத்திரி போச்சு. இது சாகவே மாட்டேங்குது!"

"அதுல என்ன இருக்கு?"

"அப்பா... குரல்." குறட்டை என்று சொல்ல அவனுக்குக் கூச்சம்.

ஏட்டம்மா நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள், கப்பி விடவில்லை. கொன்றவர்கள் எத்தனையோ பேரைப் பிடித்தவள். சாகவிடாதவரைத் தேடுவது இதுவே முதல் தடவை.

"சார்ஜர் எங்க?"

"என் பாக்கெட்லயே வெச்சிருக்கேன். யாரும் தொடல."

"பெட்டி ராத்திரி எங்க இருக்கும்?"

"விலை உள்ள சாமான் கட்டில்ல இருக்கக் கூடாதாம். சிஸ்டர் வாங்கி அலமாரில பூட்டிடுவாங்க."

"சிஸ்டர், ராத்திரி அலமாரியத் தொறந்தீங்களா?"

"சத்தியமா இல்ல." சிஸ்டர் அதே அலமாரியிலிருந்து ரத்த அழுத்தக் கருவியை எடுத்தாள். வயர் வால்போல் பின்னால் தொங்கியது. "சாவி என் இடுப்புலயே இருந்துச்சு."

"அந்தப் பெட்டிய இப்படிக் குடுங்க தம்பி." ஏட்டம்மா வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "சுடுதே."

"பாவம், அதுக்கும் காய்ச்சலோ என்னவோ," என்றாள் அம்மா, இமைக்காமல்.

ஏட்டம்மா சிரிக்கவில்லை. "தம்பி, இதுல மணி என்ன?"

"நாலு பத்து. அதுதான் உறைஞ்சு கெடக்கே."

"பேட்டரி?"

"சிவப்பு. இதோ இப்ப அணைஞ்சிடும்னுதான் ரெண்டு நாளா..."

"மணி உறைஞ்சதுன்னு தெரியுது. பக்கத்துல இருக்கற பேட்டரி மட்டும் ஓடுமா? திரை மொத்தமும்தானே உறைஞ்சிருக்கு!"

மகன் வாயைத் திறந்தான். மூட மறந்தான்.

"சிஸ்டர், அலமாரிக்குள்ள பிளக் இருக்குதானே?"

"ஆமா. கருவியெல்லாம் அங்கதான் சார்ஜ் ஏறும்."

"ராத்திரி தொறக்கல, சரி. பூட்டறதுக்கு முன்னாடி இதுக்கு என்ன பண்ணீங்க?"

சிஸ்டரின் முகம் மாறியது. "இந்தப் பிரஷர் கருவியோட வயரைச் சொருகினேன். இந்த வார்டுல சிவப்பு காட்டற எதையும் அப்படியே விட்டுட்டுப் போகக் கூடாது, அது எங்க பழக்கம். அந்தம்மா அழுதாங்களே, பெட்டியாவது உயிரோட இருக்கட்டும்னு நெனச்சேன்..."

"குற்றவாளி நீங்கதான் சிஸ்டர். அது பசிக்குதுன்னு பொய்யா அழுதுச்சு. நீங்க ராத்திரி ராத்திரி ஊட்டி விட்டுட்டீங்க."

கைது நடக்கவில்லை, சிஸ்டர் ஊசி போட வேண்டியிருந்தது.

பகல் முழுக்கச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு பெட்டி சாகட்டும் என்று நாலு பேர் அவரவர் இடத்திலிருந்து வேண்டிக்கொண்டார்கள். மகன் இரண்டு தடவை அழுதான். சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிய இருந்தபோது, திரை சத்தமில்லாமல் இருண்டது.

சொருகினான். பொத்தானை அமுக்கினான். வெளிச்சம் வந்தது.

"அய்யா நல்லா பாடுவாரோ?" என்று சிஸ்டர் ஆசையோடு குனிந்தாள்.

அப்பா ஆரம்பித்தார். மருந்துத் தட்டில் கிண்ணங்கள் நகர்ந்தன. கடைசிக் கட்டில் பாட்டி எழுந்து யாரோ லாரியை உள்ளே விடுகிறார்கள் என்றாள். ஏட்டம்மா காதைப் பொத்தினாள், கையெடுத்தாள், மறுபடி பொத்தினாள். ஓடிவிடலாம் என்றால் கால் கப்பியில்.

"நிறுத்துடா தம்பி!"

"அம்மா தூங்கணுமே, ஏட்டம்மா."

அம்மா கண்ணை மூடிக்கொண்டே கையை நீட்டி, பெட்டியை முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

"ஒருக்களிச்சுப் படுங்களேன்," என்றாள்.

அவர் கேட்கவில்லை. என்றைக்குக் கேட்டார்? அவள் தூங்கிப்போனாள்.