நாற்பத்தொரு பேரின் நகங்கள்

செவ்வாய்க் குடியிருப்பில் யார் செத்தாலும் முதலில் காயவாசிப்பானைத்தான் கூப்பிடுவார்கள். ஆறு கைகளும் அறுநூறு கண்களும் கொண்ட அந்த யந்திரம் பிணத்தைப் புரட்டி, காயங்களை வாசித்து, டீ ஆறுவதற்குள் கொலைகாரர் பெயரைச் சொல்லிவிடும். டாக்டர் மாசிலாமணிக்கு மிஞ்சியது கையெழுத்துப் போடுகிற வேலை.

அன்று அது சொன்ன பெயர் கயற்கண்ணி. இறந்த குணாளனின் மனைவி.

"விலா முறிவு ஒன்பது. முகத்திலும் கழுத்திலும் நகக்கீறல் இருநூற்றுப் பன்னிரண்டு. இறக்கும்போது வீட்டில் இருந்தவர் இவர் மட்டுமே. அடுத்த கப்பலில் பூமிக்கு நாடுகடத்தல்."

பூமிக்கா! இங்கேயே பிறந்து வளர்ந்த எலும்பு அங்கே அப்பளமாய் நொறுங்கிவிடும். வாசலில் கயற்கண்ணி உட்கார்ந்திருந்தாள். மாசிலாமணி பேனாவை மூடிவிட்டு லென்ஸை எடுத்தார்.

"அட மடையா, உயிரோட இருக்கிறவனக் கீறினா ரத்தம் கட்டும். இது காஞ்ச தோலு மாதிரி மஞ்சளா கெடக்கு. எல்லாம் செத்தப்புறம் பட்ட காயம்."

"செத்தவரை யார் தாக்குவார்கள், டாக்டர்?"

"சொந்தக்காரங்க."

புழுதிப்புயலால் காயவாசிப்பான் வந்துசேர இரண்டு நாளாகியிருந்தது. அதற்குள் உள்ளூர் உறவுகள் திரண்டுவிட்டன. துள்ளாமல் நடக்க அங்கே ஆளுக்கு நாற்பது கிலோ எடைச்சட்டை போட்டிருப்பார்கள். அதோடுதான் 'ஐயோ, போயிட்டியே!' என்று பிணத்தின் மேல் விழுந்திருக்கிறார்கள். பதினான்கு வருடமாய் எட்டிப் பார்க்காத பெரியப்பா மகன் எட்டடி தூரத்திலிருந்தே பாய்ந்திருந்தார்.

யந்திரம் கீறல்களை உறவினர்களின் நகங்களோடு ஒப்பிட்டது. நாற்பத்தொரு பேர்.

"திருத்திக்கொள்கிறேன். இவை காயங்கள் அல்ல, பாசம்."

"அப்பாடா! இதயம் தானா நின்னுதுன்னு எழுது."

"தானாகவா, யாராவது நிறுத்தியா? அதுதான் சந்தேகம். பெரியப்பா மகனின் பாசத்துக்கு மூன்று விலா எலும்புகள் சாட்சி. மனைவியின் நகக்கீறல் ஒன்றுகூட இல்லை. பாதங்களில் அவருடைய கைரேகை மட்டுமே."

"ரெண்டு நாளா காலப் புடிச்சிக்கிட்டே உக்காந்திருந்தாடா அந்தப் பொண்ணு!" மாசிலாமணி கத்தினார். "மேல விழுந்து பொரண்டாத்தான் பாசம்னு உனக்கு எவன் சொல்லிக் குடுத்தது?"

"வாக்குமூலங்கள், டாக்டர். நாற்பத்தொரு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்."

யந்திரம் ஒலிப்பதிவைப் போட்டது. பெரியப்பா மகனின் குரல், மூக்கைச் சிந்திக்கொண்டே:

"பாத்தீங்களா, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா அவ?"